அறுபதுக்கு மேல் பாட்டு ஏன் நடுவில் நிற்கிறது?

பாடும்போது வரி மறந்து நிற்பவருக்குப் பக்கத்தில் இருப்பவர் ஒரே ஒரு சொல்லை எடுத்துக் கொடுத்தால் போதும், மீதி கடகடவென்று வந்துவிடுகிறது. கடலூர், புதுச்சேரிப் பக்கம் பணி ஓய்வுக்குப் பிறகு தேவாரமோ பழைய சினிமாப் பாட்டோ ஆர்மோனியமோ பழக வந்தவர்கள் நிறையப் பேர். "வயசாயிடுச்சு, மண்டையில ஏற மாட்டேங்குது" என்று அவர்கள் சொல்லும்போதெல்லாம் எனக்கு மறுத்துப் பேசத் தோன்றும். ஏறாத பாட்டு, ஒரு சொல் கேட்டதும் முழுசாக எப்படி வரும்? பாட்டு உள்ளேதான் இருக்கிறது. அதை எட்டுவதற்கு நாம் ஒரே ஒரு வழியை மட்டும் பழக்கி வைத்திருக்கிறோம். அந்த வழி அடைபட்டால் பாட்டும் நின்றுவிடுகிறது.

புதிதாகக் கேட்கும் வரி முதலில் தங்குகிற இடம் மிகச் சிறியது. ஒரே நேரத்தில் மனம் ஏந்தி நிற்கக்கூடியது ஏறக்குறைய ஏழு துண்டுகள் என்று உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956இல் எழுதினார். நெல்சன் கோவன் 2001இல் அதை நான்காகக் குறைத்தார். துண்டு என்பது ஒற்றை எழுத்தாகவும் இருக்கலாம், நன்றாகப் பழகிய முழு அடியாகவும் இருக்கலாம். அங்கிருந்து அது நிலையான நினைவாக மாறுவதற்கு மூளையில் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி உழைக்க வேண்டும். அதன் பெரிய வேலை முடிச்சுப் போடுவது: இந்தச் சொல்லோடு இந்தச் சுரம், இந்த அடிக்குப் பின்னால் அந்த அடி.

வயது ஏற ஏற ஹிப்போகேம்பஸ் மெல்லச் சுருங்குகிறது. அதனால் எது குறைகிறது என்பதை மோஷே நாவே-பெஞ்சமின் 2000இல் வெளியிட்ட சோதனைகள் காட்டின. தனித்தனிச் சொற்களை அடையாளம் காண்பதில் முதியவர்கள் இளைஞர்களைவிட அதிகம் பின்தங்கவில்லை. எந்தச் சொல் எதோடு சேர்ந்து வந்தது என்று கேட்டபோதுதான் தடுமாறினார்கள். பாடுகிறவர்கள் இதை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். அடிகளை விட, அடிக்கும் அடிக்கும் நடுவிலுள்ள முடிச்சுதான் முதலில் தளர்கிறது. சொல்வளமும் பொருளறிவும் அறுபது எழுபது வயதிலும் பெரும்பாலும் குறைவதில்லை.

இதைச் சோதித்துப் பார்க்கக் கடலூர்க்காரர்கள் வெளியூர் போக வேண்டியதில்லை. கல்லில் கட்டிக் கடலில் தள்ளப்பட்ட அப்பர், அந்தக் கல்லே தெப்பமாக மிதக்கக் கரை சேர்ந்த இடம் என்று வண்டிப்பாளையத்தை ஒட்டிய கரையேறவிட்ட குப்பத்தைச் சொல்வது மரபு. அப்போது அவர் பாடியது நமச்சிவாயப் பதிகம். அதன் முதல் பாட்டில் நான்கு அடிகளும் சொற்றுணை, பொற்றுணை, கற்றுணை, நற்றுணை என்று தொடங்குகின்றன. ஓரடி முடிந்ததும் அடுத்த சொல்லை மனம் கண்டபடி தேட வேண்டியதில்லை. இரண்டாம் எழுத்து இன்னது, ஓசை அளவு இவ்வளவு, பொருள் இந்தத் திசையில் என்று மூன்று பக்கமும் வேலி போட்டாயிற்று. ஓசை தரும் குறிப்பும் பொருள் தரும் குறிப்பும் தனித்தனியே அதிகம் உதவாது, இரண்டும் சேரும்போது சரியான சொல் ஏறக்குறைய தப்பாமல் வந்துவிடும் என்று வாய்மொழி மரபுகளை ஆராய்ந்த டேவிட் ரூபினும் வாண்டா வாலஸும் சோதித்துக் காட்டினார்கள். எதுகையும் மோனையும் காதுக்கு இனிமை தருவதோடு இந்த வேலையையும் பார்க்கின்றன.

ஒரு பாட்டுக்குள் இவ்வளவு பிடிமானம் இருக்கிறது, சரி. ஒரு பாட்டு முடிந்து அடுத்த பாட்டுக்குப் போகும் இடத்தைப் பாருங்கள். முதல் ஒன்பது பாட்டும் 'நமச்சிவாயவே' என்றே முடிகின்றன. அதே மெட்டு, அதே முடிவு. அடுத்து 'பூவினுக்கு' வர வேண்டுமா, 'விண்ணுற' வர வேண்டுமா என்று சொல்ல அங்கே ஓசையில் ஒன்றுமே இல்லை. இன்னும் சிக்கலான இடங்களும் உண்டு. இரண்டாம் பாட்டு 'நாவினுக் கருங்கலம் நமச்சிவாயவே' என்று முடிகிறது, ஐந்தாம் பாட்டு 'நங்களுக் கருங்கலம் நமச்சிவாயவே' என்று முடிகிறது. கொஞ்சம் கவனம் சிதறினால் இரண்டிலிருந்து நேராக ஆறாம் பாட்டின் 'சலமிலன்' வாயில் வந்துவிடும். முதல் பாட்டிலும் பத்தாம் பாட்டிலும் இரண்டாம் அடி 'திருந்தடி பொருந்தக் கைதொழ' என்றே முடிகிறது. அங்கே தவறினால் தொடக்கத்திலிருந்து ஒரே தாவலில் கடைசிக்குப் போய்விடலாம். சினிமாப் பாட்டில் முதல் சரணத்துக்குள் இரண்டாம் சரணம் நுழைவதற்கும் இதுவே காரணம். ஒரே குறிப்பு இரண்டு பக்கம் கை காட்டுகிறது.

மேற்கத்திய இசையிலும் இப்படிப்பட்ட இடங்கள் உண்டு. ரோஜர் சாஃபின் என்ற உளவியலாளர், பியானோ கலைஞர் கேப்ரியேலா இம்ரே, இசையமைப்பாளர் பாக்கின் இத்தாலியன் கன்செர்ட்டோவின் மூன்றாம் பகுதியைப் பாடம் செய்வதைத் தொடக்கத்திலிருந்து பதிவு செய்தார். அந்தக் கலைஞர் எப்போதும் தலையிலிருந்து தொடங்கி வாசிக்கவில்லை. பிரிவுகள் தொடங்கும் இடங்களிலிருந்து வாசித்தார். ஒரே மாதிரி வந்து வேறு பக்கம் திரும்பும் இடங்களைத் தனியாகக் கவனித்தார். இரண்டு ஆண்டுக்கு மேல் கழித்து முதல் பக்கத்தை நினைவிலிருந்து எழுதச் சொன்னபோது, பிரிவுகளின் தொடக்கங்களே அவருக்கு நன்றாக நினைவில் இருந்தன. நாமோ தடுக்கிய உடனே முதல் வரிக்கு ஓடுகிறோம். அதனால் முதல் பாட்டு மேலும் மேலும் பலப்படுகிறது, ஆறாம் பாட்டு அப்படியே கிடக்கிறது. பதிகத்தை நாலாம் பாட்டிலிருந்தும் எட்டாம் பாட்டிலிருந்தும் எடுத்துப் பாடிப் பழகினால் ஒவ்வொன்றுக்கும் தனி வாசல் திறக்கும். பாட்டுக்குப் பாட்டு பொருளையும் பிடித்துக்கொண்டால் (விறகில் எரியும் தீ மூன்றில், துன்பத்திலும் யாரிடமும் கையேந்தாமை நாலில்) நமக்குக் குறையாமல் இருக்கும் பொருளறிவு, தளரும் முடிச்சுக்குத் துணை நிற்கும். பெரியவர்களுக்கு இதைவிடப் பலமான வழி எனக்குத் தெரியவில்லை.

மெட்டு இருந்தால் சொல் தானாக நிற்கும் என்பது பாதி உண்மைதான். வாலஸ் 1994இல் செய்த சோதனையில், ஒரே மெட்டில் ஒரு பாட்டின் மூன்று சரணங்களைக் கேட்டவர்கள் அதே வரிகளைப் பேச்சாகக் கேட்டவர்களைவிட அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். ஒரே ஒரு சரணத்தை மட்டும் கேட்டபோது முடிவு தலைகீழானது, பேச்சாகக் கேட்டவர்களே முந்தினார்கள். பழகாத மெட்டு கவனத்தைப் பங்கு போட்டுக்கொள்கிறது. பழகிய பிறகுதான் இத்தனை அசை, இங்கே நீட்டல் என்று அது சொல்லுக்கு இடம் காட்டுகிறது. அதனால் புதுப் பாட்டென்றால் முதலில் மெட்டை மட்டும் முனகிப் பழகுங்கள், சொல்லைத் தனியே வாய்விட்டுப் படியுங்கள், அப்புறம் சேருங்கள்.

இப்போது எல்லோர் முன்னாலும் கைப்பேசியில் வரிகள் ஓடுகின்றன. கரோக்கியில் திரையே வரியைக் கொடுத்துவிடுகிறது. நூறு முறை பார்த்துப் பாடினாலும், பார்க்காமல் எடுக்கும் பயிற்சி ஒருமுறைகூட நடப்பதில்லை. ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட சோதனையில் மாணவர்களுக்கு இரண்டு பகுதிகளைக் கொடுத்து, ஒன்றைத் திரும்பப் படிக்கச் சொன்னார்கள், மற்றதைப் பார்க்காமல் எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்த பகுதியே மேல். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, பார்க்காமல் எழுதிய பகுதியில் 56 சதவீதம் சொன்னார்கள், திரும்பப் படித்த பகுதியில் 42 சதவீதம்தான். புத்தகத்தை மூடிவிட்டுத் திணறும் அந்த நேரம் வீணாவதில்லை, வழி பலப்படுவதே அப்போதுதான். கொஞ்சம் மறக்க விட்டு, இடைவெளி கொடுத்து மறுபடி எடுத்தால் இன்னும் நல்லது. இடைவெளியின் பலனை எபிங்ஹாஸ் 1885லேயே காட்டிவிட்டார். அன்று பழகியதை இரவுத் தூக்கத்தில் மூளை மீண்டும் ஓட்டிப் பதிக்கிறது. வயதானால் ஆழ்ந்த தூக்கம் குறைகிறது என்பதால், ஒரே நாளில் இரண்டு மணி நேரம் உட்காருவதைவிட நாலு நாள் அரை மணி நேரம் பாடுவது நமக்குப் பொருந்தும்.

மேடையில் வரி போய்விட்டால் என்ன செய்வது? பதற்றத்தில் சுரக்கும் கார்டிசால் நினைவை எடுப்பதையே தடுக்கிறது. எனவே அந்த வரியைத் தேடிக்கொண்டு நிற்பது பலன் தராது. தாளத்தை விடாமல் சுருதியில் நின்று, அடுத்த பாட்டின் தொடக்கத்துக்குப் போய்விடுங்கள். வீட்டில் இதையும் பழக வேண்டும்: பக்கத்தில் இருப்பவர் நடுவில் "ஏழு" என்று கூப்பிட்டால், பாடிக்கொண்டிருப்பதை அங்கேயே விட்டுவிட்டு ஏழாம் பாட்டை எடுக்க வேண்டும்.