சத்தம் எங்கே சாகிறது?

பெடலில் எல்இடி விளக்கு எரிகிறது, ஆனால் கிட்டாரை மீட்டினால் ஆம்ப் (ஒலிபெருக்கி) வாயே திறக்கவில்லை; எந்தப் பாகம் கெட்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? திருமங்கலத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர் கேட்கிறார். கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் பெடல் ஒன்றைத் தானே பற்றவைத்திருக்கிறாராம். எல்லாவற்றையும் கழற்றி மாற்றுவதற்கு முன், தம்பி, ஒரு சோதனைப் பெட்டி செய்துகொள்ளுங்கள்.

பெட்டியில் பெரிதாக ஒன்றுமில்லை. கிட்டாருக்கு ஒரு ஜாக், ஆம்ப்புக்கு ஒரு ஜாக், 9 வோல்ட் பேட்டரி, கிட்டாரை நேராகவோ சர்க்யூட் வழியாகவோ ஆம்ப்புக்கு அனுப்ப ஒரு சுவிட்ச், சர்க்யூட்டைக் கவ்வ நாலு முதலை கிளிப். எல்லாம் மதுரை டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும். டப்பா உலோகமாக இருக்கட்டும். அதை கிரவுண்டோடு (இங்கே பேட்டரியின் மைனஸ் முனை) இணைத்தால் வீட்டு வயரிங்கின் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் குறையும். எவர்சில்வரில் துளை போடுவது படாத பாடு, அலுமினியம் சுலபம்.

இனிதான் எனக்குப் பிடித்த பகுதி. ஆம்ப் ஜாக்கிலிருந்து இன்னொரு வயர் இழுத்து, நடுவில் 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றை (மேலே 104 என்று இருக்கும்) வைத்து, நுனியில் ஓர் ஊசியைப் பற்றவையுங்கள். இந்த ஊசி தொடும் இடத்தில் ஓடும் ஒலி ஆம்ப்பில் கேட்கும்.

கெபாசிட்டர் எதற்கு? ஒற்றை பேட்டரியில் ஓடும், ஒலியைப் பெருக்கும் டிஎல்072 போன்ற ஐசிக்கு, ஒலி மேலும் கீழும் ஆட இடம் வேண்டும். அதற்காக இரண்டு சம ரெசிஸ்டர்களால் 9 வோல்ட்டைப் பாதியாக்கி, 4.5 வோல்ட்டின் மேல் ஒலியை ஏற்றிவிடுகிறோம். அந்த 4.5 ஆம்ப்புக்குள் போகக்கூடாது, ஆட்டம் மட்டும் போக வேண்டும். பறையின் தோலில் உள்ளங்கையைச் சும்மா அழுத்தி வைத்தால் சத்தம் வராது, தட்டினால்தான் வரும். காற்று தோலைத் தாண்டாவிட்டாலும் அதிர்வு தாண்டிவிடுகிறது. கெபாசிட்டரின் இரு தகடுகளுக்கு நடுவே உள்ள காப்புப் படலமும் அப்படித்தான்.

ஊசி பட்டதும் ஆம்ப்பில் 'டப்' என்று ஒரு சத்தம் வரும். கெபாசிட்டர் 4.5 வோல்ட்டுக்கு நிரம்பும் சத்தம் அது. ஆம்ப்பின் உள்தடை 1 மெகாஓம் என்றால் சுமார் 0.1 நொடியில் பெரும்பகுதி நிரம்பிவிடும். அந்த 'டப்'பே ஒரு சேதி: அங்கே டிசி (ஆடாமல் நிற்கும் மின்னழுத்தம்) இருக்கிறது! அடுத்த இடத்தைத் தொடும் முன் ஊசியை கிரவுண்டில் ஒருமுறை தொட்டுக் காலி செய்யுங்கள், இல்லையென்றால் பழைய மின்னூட்டம் ஏமாற்றும். இதே கணக்கில் சுமார் 1.6 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள ஒலியெல்லாம் தாராளமாகக் கடந்துவிடும். கிட்டாரின் தடித்த தந்தியே 82 ஹெர்ட்ஸ்தான். உள்தடை வெறும் 10 கிலோஓம் உள்ள ஸ்பீக்கர் பெட்டியில் செருகினால் எல்லை 160-க்கு ஏறி, அடித்தொனி மெலிந்துவிடும்.

அப்புறம், செல்போனில் ஒரு பாட்டை மெல்லிய சத்தத்தில் உள்ளே விட்டு, ஊசியை வரிசையாக நகர்த்துங்கள். ஒலி நுழையும் ஐசியின் 3-ஆம் காலில் கேட்கிறதா? அது வெளியேறும் 1-ஆம் காலில் இன்னும் பலமாகக் கேட்க வேண்டும். அங்கே கேட்டு, அடுத்த கெபாசிட்டரைத் தாண்டியதும் அடங்கிவிட்டால் அதன் கால் சரியாகப் பற்றவில்லை, அல்லது ஈயம் வழிந்து கிரவுண்டைத் தொட்டிருக்கிறது.

மேடையேறும் முன் ஆம்ப்புக்கு எலுமிச்சம்பழம் வைக்கும் மெல்லிசைக் குழுக்களால் யாருக்கும் நஷ்டமில்லை. 'பழைய கெபாசிட்டரில்தான் இனிமை' என்று நூற்றுக்கணக்கில் கொட்டுவதுதான் எனக்கு உறுத்துகிறது. மீட்டரில் ஒரே அளவு காட்டும் இரண்டை எடுத்து, நண்பரைப் பெட்டியின் கிளிப்பில் மாற்றி மாற்றிக் கவ்வச் சொல்லி, திரும்பி உட்கார்ந்து கேட்டுப் பாருங்களேன். பள்ளி ஆய்வகங்களில் மல்டிமீட்டரைக் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைக்காமல் இதைச் செய்யவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

கண்ணாடிக் குழாய்களில் ஓடும் வால்வு ஆம்ப்புக்குள் மட்டும் இந்த ஊசியை விடாதீர்கள். அங்கே முந்நூறு வோல்ட்டுக்கு மேலும் இருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் தங்கியிருக்கும்.