வாலில்லா விலங்கா? பழைய படங்களை நம்பும் முன்

19ஆம் நூற்றாண்டு விலங்குப் படங்கள் இப்போது வரவேற்பறைச் சுவர் முதல் வாட்ஸ்அப் வரை தாராளமாகச் சுற்றுகின்றன. பழைய நூல்களைப் பராமரிப்பது என் வேலை. "இந்த விலங்கு நிஜமாகவே இப்படித்தான் இருந்ததா?" என்று யாராவது ஒரு படத்தோடு வருவார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: வரைந்தவர் முன்னால் என்ன இருந்தது? உயிருள்ள விலங்கா, சாராயத்தில் ஊறிய உடலா, பஞ்சடைத்த தோலா?

ஆஸ்திரேலியாவின் பன்றிக்கால் பாண்டிகூட் என்ற சிறிய பைப்பாலூட்டியை (கங்காருவைப் போல வயிற்றில் பையுள்ள விலங்கு) எடுத்துக்கொள்ளுங்கள். முன்னங்காலில் பன்றிக் குளம்பு போல இரண்டே விரல்கள். 1836இல் நில அளவையாளர் தாமஸ் மிட்செலின் பயணக் குழு முர்ரே ஆற்றுப் பக்கம் ஒன்றைப் பிடித்தது. அதற்கு வால் இல்லை. மிட்செல் வரைந்த படத்தை லண்டனில் காட்டி, விலங்கியலாளர் வில்லியம் ஓகில்பி 1838இல் 'வாலற்றது' என்ற பொருளில் 'எக்காடேட்டஸ்' என்று பெயர் சூட்டினார். (நம் நீலகிரி வரையாட்டை அதே ஆண்டு அறிவியலுக்கு அறிமுகம் செய்தவரும் இவரே.) அப்புறம் கிடைத்தவற்றுக்கெல்லாம் நல்ல வால் இருந்தது, முதல் பிராணி எப்படியோ வாலை இழந்திருக்கிறது. ஆங்கிலேய இயற்கையியலாளர் ஜான் கூல்டின் 'ஆஸ்திரேலியப் பாலூட்டிகள்' நூலில் (1845–1863) அது வாலோடுதான் நிற்கிறது. இனமே அழிந்துவிட்டது, பெயர் மட்டும் இன்னும் வாலற்றதுதான்!

நிறத்தையும் அப்படியே நம்ப முடியாது. கூல்டின் படங்கள் கல்லச்சில் அடித்து, ஒவ்வொரு தாளாகக் கையால் வண்ணம் தீட்டப்பட்டவை. தீட்டியது ஒரு குழு. அதனால் ஒரே படத்தின் இரண்டு பிரதிகளில் பழுப்பு ஒன்றுபோல இருக்காது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் கல்லில் இழுத்த மெழுகுக் குச்சியின் சொரசொரப்பு தெரியும். அதன் மேல் நீர்வண்ணம் ஓரங்களில் தேங்கிக் காய்ந்திருக்கும். வண்ணமெல்லாம் ஒழுங்கான புள்ளிகளாகத் தெரிந்தால் அது பிற்கால மறுபதிப்பு. 'ஒரிஜினல்' என்று சொல்லி அதற்குப் பெரிய விலை கேட்டால் வாங்காதீர்கள்.

ஒரு விலங்கைப் பார்த்து இனம் முழுவதையும் முடிவு செய்வதும் ஆபத்து. தென்னாப்பிரிக்கக் குவாகா, இப்போது அழிந்துவிட்ட ஒரு வரிக்குதிரை வகை. அதன் வரிகள் விலங்குக்கு விலங்கு மாறும். உயிரோடு இருந்தபோது எடுத்த ஐந்து புகைப்படங்களிலும் இருப்பதோ லண்டன் விலங்குக்காட்சிச் சாலையின் ஒரே பெண் குவாகா.

எனக்குக் கோபம் வருவது, நூலைப் பிரித்துப் படங்களை மட்டும் தனித்தனியாக விற்கும்போதுதான். எங்கே கிடைத்தது, யார் அனுப்பியது, எதைப் பார்த்து வரைந்தது என்பதெல்லாம் பக்கத்துத் தாளில்தான் இருக்கும். கூல்டின் நூல், பழைய இயற்கை நூல்களின் இணைய நூலகமான பயோடைவர்சிட்டி ஹெரிட்டேஜ் லைப்ரரி தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. படத்தைத் தரவிறக்கும்போது அதற்குரிய விளக்கப் பக்கத்தையும் சேர்த்தே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.