இறக்கத்தில் வாங்கிய வலி

பெரியகுளத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "கொடைக்கானல் மலையில் வட்டக்கானலில் கிளம்பி, வெள்ளகவி கிராமம் வழியாக அடிவாரத்துக் கும்பக்கரைக்கு இறங்கினோம். பெரிதாக மூச்சு வாங்கவில்லை. ஆனால் மறுநாள் காலையில் கழிவறையில் உட்கார்ந்தால் எழ முடியவில்லை. ஏறினால்தானே வலிக்க வேண்டும்?"

ஏறினால் இவ்வளவு வலிக்காது. அந்தப் பாதையில் உயரம் மட்டுமே ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் குறைகிறது. அத்தனையும் தொடையின் முன்பக்கத் தசை பிரேக் போட்டு இறங்கிய தூரம். லாக்டிக் அமிலம் தேங்கிவிட்டது என்று ஜிம்மில் சொல்வார்கள், நம்பாதீர்கள். அது நடையை நிறுத்திய ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் வடிந்துவிடும்.

தசை நாரில் சார்கோமியர் என்ற நுண்ணிய கண்ணிகள் வரிசையாகக் கோத்திருக்கின்றன. ஒரு மில்லிமீட்டருக்குச் சுமார் 400. ஒவ்வொன்றிலும் மயோசின் என்ற புரதத்தின் தலைகள் ஆக்டின் என்ற இன்னொரு புரத இழையைப் பற்றி, கயிறு இழுக்கும் போட்டி மாதிரி, கைமாற்றி இழுக்கின்றன. ஏறும்போது அவை ஜெயிக்கின்றன, தசை குறுகுகிறது. ஒவ்வொரு பிடியையும் விடுவிக்க ஏடிபி என்ற எரிபொருள் செலவாகும். இறங்கும்போது முழங்கால் மடங்குகிறது. தசை இழுத்துக்கொண்டே நீள்கிறது. உடல் எடை பிடியைப் பிய்த்துவிடுகிறது, தலை உடனே மறுபடி பற்றுகிறது. பிய்ந்த பிடிக்கு ஏடிபி செலவில்லை! மூச்சு வாங்காததன் ரகசியம் இதுதான்.

1952இல் ஆபட், பிக்லண்ட், ரிச்சி என்ற ஆய்வாளர்கள் மூவரும் இரண்டு சைக்கிள்களை முதுகோடு முதுகாக வைத்து ஒரே சங்கிலியில் பூட்டினார்கள். ஒருவர் மிதிக்க, மற்றவர் இறக்கத்தில் பிரேக் போடுவது போல அதைத் தடுக்க வேண்டும். விசை இருவருக்கும் ஒன்றுதான். தடுத்தவருக்கு ஆக்சிஜன் பாதிகூடத் தேவைப்படவில்லை. இன்று இப்படி ஒரு திட்டத்தோடு நிதி கேட்டுப் போனால், "இதனால் என்ன பயன்?" என்று முதல் பக்கத்திலேயே மடக்கி வைத்துவிடுவார்கள் என்பது என் சந்தேகம்.

சரி, வலி? இறக்கத்தில் ஒவ்வொரு பிடிக்கும் விசை அதிகம் என்பதால் குறைந்த நார்களே வேலையை முடித்துவிடுகின்றன. பாரம் அந்தச் சிலவற்றின் தலையில். வரிசையில் பலவீனமான கண்ணி கூடுதலாக நீள்கிறது. நீண்டதால் பற்றும் இடம் குறைகிறது. குறைந்ததால் இன்னும் நீண்டு, நிலைகுலைகிறது. அப்புறம் கால்சியம் கசிந்து, அழற்சி தொடங்கி, நரம்பு முனைகள் கூச்சம் கொள்ள ஒரு நாளாவது ஆகும். உச்சம் பெரும்பாலும் இரண்டாம் நாள். மூன்றாம் நாள், "மலையில் காத்து கருப்பு அடித்திருக்கும்" என்று யாராவது கயிறு மந்திரித்துக் கட்டுவார்கள். வலி தானாக வடிகிற நேரம், பேர் கயிற்றுக்கு.

ஆண்டுக்கணக்கில் மலை நடப்பவர்களுக்கு இந்தத் தொல்லை ஏன் இல்லை? இறக்கத்தில் ஓடப் பழக்கிய எலிகளின் தொடை நார்களில், ஏற்றத்தில் ஓடியவற்றைவிட அதிகக் கண்ணிகள் வரிசையில் சேர்ந்திருந்தன. கண்ணி கூடினால் ஒவ்வொன்றும் நீள வேண்டிய அளவு குறையும். சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் காலங்காலமாக நடந்தே ஏறி இறங்கிய வெள்ளகவிக்காரர்கள் மூட்டையோடு நம்மைத் தாண்டிப் போவதில் இதற்கும் பங்கிருக்கும்.

ஒரே ஒரு இறக்கம்கூடச் சில வாரங்களுக்குக் காப்பு தரும். அதனால் அடுத்த பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பே பழகிக்கொள்ளுங்கள்: மாடிக்கு லிஃப்டில் ஏறி, படியில் இறங்குங்கள். வாட்ச்மேன் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை.