நான்கு சக்கரமும் சுற்றத் தயார், வண்டி மட்டும் நகரவில்லை

பாறையும் பள்ளமும் மாறிமாறி வரும் ஒரு தடம். நான்கு சக்கர இயக்கமுள்ள ஒரு எஸ்.யு.வி. அதில் மெதுவாக ஏறுகிறது. முன் இடது சக்கரம் ஒரு பள்ளத்துக்கு மேல் தொங்குகிறது, எதிர்மூலையில் இருக்கும் பின் வலது சக்கரமும் தரையைத் தொடவில்லை. ஓட்டுபவர் ஆக்சிலரேட்டரை மிதிக்கிறார். தொங்குகிற இரண்டும் விர்ரென்று சுற்றுகின்றன. தரையில் அழுந்தி நிற்கிற மற்ற இரண்டும் அசையவே இல்லை. வண்டி உறுமிக்கொண்டு நின்ற இடத்திலேயே நிற்கிறது. பின்னால் வரிசையில் இருப்பவர்கள் கதவைத் திறந்து இறங்கி வேடிக்கை பார்க்க வந்துவிடுவார்கள். குழுவாக ஆஃப்ரோடு போகிறவர்களுக்கு இது பழகிய காட்சிதான்.

புதிதாக வந்தவர் இதைப் பார்த்ததும் இன்ஜினுக்குப் பலம் போதவில்லை என்று நினைப்பார். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இன்ஜின் 250 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தருகிறது. முதல் கியர் அதை 4 மடங்காக்குகிறது, லோ ரேஞ்ச் என்ற, வேகத்தைக் குறைக்கும் கூடுதல் கியர் 2.7 மடங்கு, ஆக்சிலில் இருக்கும் கடைசிப் பல்சக்கரம் 4.1 மடங்கு. மூன்றையும் பெருக்கினால் சுமார் 44 மடங்கு. ஆக, சக்கரங்களுக்கு வந்து சேர்வது ஏறக்குறைய 11,000 நியூட்டன் மீட்டர். சக்கரத்தின் ஆரம் 37 செ.மீ. என்றால், தரையைப் பின்னோக்கித் தள்ளும் விசை சுமார் 30,000 நியூட்டன். 2,000 கிலோ வண்டியின் எடையே 19,600 நியூட்டன்தான். உராய்வில் கொஞ்சம் வீணாகும், அதைக் கழித்தாலும் தன் எடையைவிட அதிகமான விசை கையில் இருக்கிறது. செங்குத்துச் சுவரில் ஏறவே அது போதும், சுவரை டயர் பிடித்துக்கொள்ளுமானால்.

டயர் பிடிக்காது என்பதுதான் சிக்கல். தரையை எவ்வளவு தள்ளலாம் என்பதற்கு உச்சவரம்பு உண்டு: சக்கரத்தின் மேல் அழுத்தும் எடையை உராய்வுக் கெழுவால் பெருக்கினால் வருவது. ஈரக் களிமண்ணில் அந்தக் கெழு 0.3 என்று வைத்துக்கொண்டால், 19,600 நியூட்டன் எடையுள்ள வண்டி சமதரையில் நான்கு சக்கரத்தாலும் சேர்ந்து சுமார் 5,900 நியூட்டன்தான் தள்ள முடியும். மிச்ச விசை சக்கரத்தைச் சும்மா சுற்ற வைக்கும். அதே கெழுவில் ஏறக்கூடிய சரிவு ஏறத்தாழ 17 டிகிரி, அதற்கு மேல் முடியாது. வண்டி கனமா லேசா என்பது இந்தக் கணக்கில் வரவே வராது. எடை கூடினால் பிடிப்பும் கூடும், கீழே இழுக்கும் விசையும் அதே விகிதத்தில் கூடும்.

அப்படியானால் லோ ரேஞ்ச் எதற்கு? பலத்துக்கு என்பதைவிட நிதானத்துக்கு. இன்ஜின் ஐடிலில் நிமிடத்துக்கு 800 சுற்று சுற்றும்போது, 44 மடங்கு குறைத்தால் சக்கரம் நிமிடத்துக்கு 18 சுற்றுதான். மணிக்கு இரண்டரை கிலோமீட்டர், மனிதன் நடக்கிற வேகத்தில் பாதி. எந்தக் கல்லில் எந்த டயர் ஏறுகிறது என்று பார்த்துப் பார்த்து வைக்க இது உதவும். செங்குத்தான இறக்கத்தில் பிரேக்கை அழுத்திப் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கத் தொடங்கும். லோ ரேஞ்சில் முதல் கியரைப் போட்டுவிட்டுக் காலை எடுத்தால் இன்ஜினே நான்கு சக்கரத்தையும் சீராகப் பிடித்து இறக்கிவிடும்.

இப்போது தொங்குகிற சக்கரத்துக்கு வருவோம். ஒரே ஆக்சிலில் இருக்கும் இரண்டு சக்கரங்களும் வளைவில் ஒரே தூரம் ஓடுவதில்லை, வெளிப்பக்கச் சக்கரம் கூடுதலாக ஓட வேண்டும். இரண்டையும் ஒரே தண்டில் இறுக்கிவிட்டால் ஒன்று தேய்ந்துகொண்டேதான் போகும். இதற்குத் தீர்வுதான் டிஃபரன்ஷியல். பிரான்சைச் சேர்ந்த ஒனேசிஃபோர் பெக்கர் 1827-இல் நீராவி வண்டிக்காக இதற்குக் காப்புரிமை பெற்றார். இரண்டு பக்கமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற அது அனுமதிக்கும், ஆனால் முறுக்குவிசையை எப்போதும் சமமாகத்தான் பிரிக்கும். பிடிப்பில்லாத சக்கரத்துக்கு டிஃபரன்ஷியல் எல்லாப் பலத்தையும் அனுப்பிவிடுகிறது என்று பலரும் சொல்வார்கள். சரியாகச் சொன்னால் அப்படி இல்லை. காற்றில் தொங்குகிற சக்கரத்தைச் சுற்ற ஏறக்குறைய விசையே தேவையில்லை. அந்தப் பக்கம் வாங்கிக்கொள்வது சுழியம் என்றால், சமப் பங்கு விதிப்படி தரையில் நிற்கும் பக்கத்துக்குக் கிடைப்பதும் சுழியம்தான். இன்ஜின் பெரிதானாலும் இந்தச் சுழியம் மாறாது. நான்கு சக்கர இயக்கம் என்பது முன் ஆக்சிலையும் பின் ஆக்சிலையும் இணைக்கிறது, அவ்வளவே. ஒவ்வொரு ஆக்சிலுக்குள்ளும் இந்த விதி அப்படியேதான் இருக்கும். மூலைக்கு மூலை இரண்டு சக்கரம் தூக்கினால் இரண்டு ஆக்சிலும் ஒரே நேரத்தில் செயலிழக்கும்.

இதிலிருந்து மீள இரண்டு வழிகள் உண்டு. லாக்கர் போட்டால் டிஃபரன்ஷியல் பூட்டிக்கொள்ளும், இரண்டு சக்கரமும் ஒரே வேகத்தில் சுற்றியே ஆக வேண்டும், தரையில் இருப்பது வண்டியை இழுத்துவிடும். இன்னொன்று, இன்றைய வண்டிகள் பலவற்றில் இருக்கும் டிராக்ஷன் கன்ட்ரோல். அது தொங்கிச் சுற்றுகிற சக்கரத்துக்கு மட்டும் பிரேக் பிடிக்கும். பிரேக் 1,000 நியூட்டன் மீட்டருக்கு எதிர்த்து நின்றால், அதே சமப் பங்கு விதி இப்போது நமக்குச் சாதகமாகி, மறுபக்கமும் 1,000 கிடைக்கும். ஆனால் சக்கரம் சுற்றத் தொடங்கிய பிறகுதான் கணினிக்கு விஷயம் தெரியும். அதனால் ஆக்சிலரேட்டரை அழுத்துவதும் விடுவதுமாக இல்லாமல், ஒரே அளவில் ஒன்றிரண்டு நொடி பிடித்துக் காத்திருக்க வேண்டும். பதறிக் காலை எடுப்பவர்களுக்கு அது வேலை செய்யாத மாதிரியே தோன்றும்.

நிலவில் ஓடிய வண்டிக்கு இந்தத் தொல்லையே இல்லை. 1971-இல் அப்பல்லோ 15 கொண்டுபோன ஊர்தியில் சக்கரத்துக்கு ஒரு மின்மோட்டார் தனித்தனியாக இருந்தது. டிஃபரன்ஷியலே கிடையாது. டயரும் ரப்பர் இல்லை, எஃகுக் கம்பி வலை. மண்ணுக்கும் சக்கரத்துக்கும் இடையே நடப்பதைத் தனி அறிவியலாக வளர்த்தெடுத்த போலந்துக்காரர் மீச்சிஸ்வாவ் பெக்கருக்கு அந்த ஊர்தியின் உருவாக்கத்தில் முக்கியப் பங்கு உண்டு.

மாற்றம் செய்வது என்றதும் பெரும்பாலானவர்கள் முதலில் கேட்பது சஸ்பென்ஷனை உயர்த்தும் கிட். எனக்கு அதில் அவ்வளவு உடன்பாடில்லை. உயரமான ஸ்பிரிங் போட்டால் பாடி மேலே போகும், பம்பரின் நுனி சரிவில் இடிக்காது, அது உண்மை. ஆனால் பின்னால் ஒற்றைத் தண்டு ஆக்சில் உள்ள வண்டியில் மிகத் தாழ்வாகத் தொங்குவது டிஃபரன்ஷியல் உருண்டை. ஆக்சில் சக்கரத்தோடு சேர்ந்தது என்பதால் ஸ்பிரிங் எவ்வளவு உயர்ந்தாலும் அது ஒரு மில்லிமீட்டர்கூட மேலே வராது. பெரிய டயர்தான் அதை உயர்த்தும், அதுவும் விட்டம் கூடியதில் பாதி. போதாததற்கு, அதிக எடை தாங்குவதற்கென்று செய்த கடினமான ஸ்பிரிங்கைக் காலி வண்டியில் போட்டால் சக்கரம் கீழே இறங்கித் தரையைத் தொடுவது குறைந்துபோகும். தொங்குகிற சக்கரம்தான் பிரச்சினை என்று பார்த்தோம். காசு கொடுத்து அதையே கூட்டிக்கொள்வது என்ன கணக்கு? புவியீர்ப்பு மையமும் மேலே ஏறும். இரு சக்கரங்களுக்கு இடையே ஒன்றரை மீட்டர் அகலம், மையம் 70 செ.மீ. உயரத்தில் என்றால், பக்கவாட்டுச் சரிவில் ஏட்டுக் கணக்குப்படி 47 டிகிரியில் வண்டி கவிழும். மையம் 5 செ.மீ. உயர்ந்தால் 45. இரண்டு டிகிரிதானே என்று தோன்றலாம். ஸ்பிரிங் ஒரு பக்கம் அமுங்குவதால் நிஜ எல்லை இதைவிடக் குறைவு, ஒரு சக்கரம் கல்லில் ஏறினால் இன்னும் குறைவு.

அதிகம் காசு செலவழிக்காமல் கிடைக்கும் பெரிய மாற்றம் டயரில் காற்றைக் குறைப்பது. ஒரு சக்கரத்தின் மேல் 500 கிலோ இருக்கிறது, டயரில் 35 பி.எஸ்.ஐ. காற்று. எடையை அழுத்தத்தால் வகுத்தால் தரையைத் தொடும் பரப்பு சுமார் 200 சதுர செ.மீ., ஒரு ஏ4 தாளில் மூன்றில் ஒரு பங்கு. 18 பி.எஸ்.ஐ.க்கு இறக்கினால் இதே கணக்கில் ஏறக்குறைய 400. டயரின் பக்கச்சுவரும் கொஞ்சம் எடை தாங்குவதால் நிஜத்தில் பரப்பு அப்படியே இரட்டிப்பாகாது, இருந்தாலும் வித்தியாசம் பெரிது. இந்தக் கூடுதல் பரப்பு அகலவாட்டில் வருவதைவிட நீளவாட்டில்தான் அதிகம் வருகிறது. மணலில் அழுத்தம் குறைவதால் டயர் புதையாது. புதைந்தால் தன் முன்னால் தானே குவித்த மணலில் ஓயாமல் ஏறிக்கொண்டே இருக்க வேண்டிவரும். பாறையில் ரப்பர் கல்லின் வடிவத்துக்கு வளைந்து கவ்வும். கூரான கல்லையும் இறுகிய டயரைவிடத் தளர்ந்த டயர் மிதிப்புப் பகுதியில் நன்றாகத் தாங்கும். பக்கச்சுவருக்குத்தான் ஆபத்து, அது புடைத்து வெளியே நிற்கும். அழுத்தம் மிகவும் குறைந்து 12 பி.எஸ்.ஐ. பக்கம் போனால், சட்டென்று ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது டயர் ரிம்மைவிட்டுக் கழன்றுவிடவும் கூடும். அளவுமானியும் சிறிய கம்ப்ரஸரும் இல்லாமல் இதைச் செய்யக் கூடாது. புதிதாக வருகிறவர் முதலில் வாங்க வேண்டியவை அந்த இரண்டும்தான், நல்ல டயர் அதற்கு அடுத்து.

ஏற்றத்தில் எடை பின்னால் போகும் என்பதும் கணக்கில் வர வேண்டும். 30 டிகிரி சரிவில் நிற்கும் வண்டியின் முன் சக்கரங்கள் மொத்த எடையில் சுமார் 30 சதவீதத்தைத்தான் தரையில் அழுத்தும், பின் சக்கரங்கள் 57 சதவீதம். கூட்டினால் நூறு வராது. சரிவில் எடை முழுவதும் தரையை அழுத்தாது, அதன் ஒரு கூறு வண்டியைக் கீழ்நோக்கி இழுக்கும். முன்பக்கம் லேசாகிவிட்டதால் ஸ்டீயரிங் சொன்னபடி கேட்காது. திரும்ப வேண்டியதை ஏற்றத்துக்கு முன்பே திரும்பிவிட வேண்டும், குறுக்கே மட்டும் நின்றுவிடக் கூடாது.

குழுவாகப் போகும்போது தடமே மாறிக்கொண்டு வரும். ஒரே பாதையில் முதல் வண்டி போன தரையும் எட்டாவது வண்டி போகும் தரையும் ஒன்றல்ல. காய்ந்த மணலில் முன்னால் போனவை மணலை அமுக்கிவிட்டுப் போகும், அதே தடத்தில் வருகிறவருக்கு எதிர்ப்பு குறையும். ஈரக் களிமண்ணில் நேர்மாறு: ஒவ்வொரு டயரும் மண்ணைப் பிசைந்து, நீரை மேலே கொண்டுவந்து, பள்ளத்தை ஆழமாக்கும். கடைசியாக வருகிறவரின் ஆக்சில் நடுத்திட்டில் உட்கார்ந்துவிடும், சக்கரங்களுக்கு எடையே இல்லாமல் போகும். அதனால் சேற்றில் உயரம் குறைந்த வண்டியைக் கடைசியில் விடுவது அவருக்குச் செய்கிற கெடுதல். ஒரு தடையில் ஒரு நேரத்தில் ஒரு வண்டி என்ற விதியும் மரியாதைக்காக வந்ததில்லை: மேலே போனது பின்னோக்கி வழுக்கினால் கீழே யாரும் இருக்கக் கூடாது.

ஓடையைக் கடப்பதில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். இன்ஜின் காற்றை அமுக்கும், நீரை அமுக்க முடியாது. உறிஞ்சுகுழாய் வழியாக ஒரு வாய் நீர் சிலிண்டருக்குள் போனால், மேலே வருகிற பிஸ்டன் நீரில் மோதி நிற்கும், கனெக்டிங் ராட் வளையும். நீரில் இன்ஜின் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்து பார்க்கவே கூடாது.

சிக்கின வண்டியை இழுப்பதில் இருக்கும் இயற்பியலைத்தான் குழுவில் உள்ள ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். முதலில் மண்வெட்டி: சக்கரங்களின் முன்னால் உள்ள மண்ணை எடுத்தாலே தேவையான விசை பாதியாகக் குறைந்துவிடும் நேரங்கள் உண்டு. அப்புறம்தான் நீளும் நைலான் கயிறு. மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் ஓடி இழுக்கும் 2,000 கிலோ வண்டியின் இயக்க ஆற்றல் சுமார் 31,000 ஜூல். ஒன்பது மீட்டர் கயிறு கால்வாசி நீண்டு, அதாவது இரண்டேகால் மீட்டரில், அதை உள்வாங்கினால் உச்ச விசை 27,000 நியூட்டன் அளவில் நிற்கும், ஏறத்தாழ 2.8 டன் எடை. வண்டியின் சட்டத்தில் பொருத்திய இழுவைக் கொக்கி நல்லதாக இருந்தால் தாங்கும். நீளாத சங்கிலியைக் கட்டி அதே வேகத்தில் இழுத்தால், ஆற்றல் முழுவதும் சில சென்டிமீட்டரில் அடங்க வேண்டும். ஏட்டுக் கணக்கில் விசை நூறு டன்னைத் தாண்டும். நடைமுறையில் அதற்கு முன்பே ஏதோ ஒன்று உடையும். பெரும்பாலும் அது டிரெய்லர் மாட்டும் குண்டுதான். கயிறு இழுபட்டிருக்கையில் அறுந்து பறக்கும் இரும்பு கண்ணாடியைத் துளைத்து ஆளைக் கொல்லும், கொன்றிருக்கிறது. எனவே அந்தக் குண்டில் ஒருபோதும் கயிறு மாட்டக் கூடாது. இழுக்கும்போது சுற்றி நிற்பவர்கள் கயிற்றின் நீளத்தைப் போல் குறைந்தது ஒன்றரை மடங்கு தள்ளி நிற்க வேண்டும், கயிற்றின் நேர்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது, குறுக்கே தாண்டவும் கூடாது. வேகம் இரட்டிப்பானால் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பதால் முதல் இழுப்பு மெதுவாகவே இருக்கட்டும். வராவிட்டால் மறுபடி தோண்டுங்கள், வேகத்தைக் கூட்டாதீர்கள்.

தார்ச் சாலைக்கு வந்ததும் இரண்டு வேலைகள் மிச்சம். பார்ட்டைம் வகை, அதாவது தேவைப்படும்போது மட்டும் நான்கு சக்கர இயக்கத்தைப் போடும் வண்டியில், அதை விலக்க வேண்டும். முன்னும் பின்னும் பூட்டிய நிலையில் வளைவில் திரும்பினால் முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் ஓடும் தூரத்தில் உள்ள வித்தியாசம் போக இடமின்றிப் பல்சக்கரங்களை முறுக்கும். மண்ணில் டயர் வழுக்கி அதைத் தீர்த்துவிடும், தாரில் வழுக்காது. மற்றது, டயருக்கு மறுபடி காற்று. 18 பி.எஸ்.ஐ.யோடு சாலை வேகத்தில் போனால் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி விரிந்து சூடாகிக்கொண்டே போகும், டயர் பிய்ந்துவிடலாம். கம்ப்ரஸர் நாலு டயரையும் நிரப்பி முடிக்கும்வரை எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கத்தான் வேண்டும்.