அரிய புற்றுநோய்க்கு கிளினிக்கல் ட்ரையல்: முதலில் பிளாக்கைக் கையில் வாங்குங்கள்

"இந்த வகைக்கு இனிமேல் கொடுக்க மருந்து இல்லை, ட்ரையல் ஏதாவது இருக்கா பாருங்க" என்று மருத்துவர் சொல்லிவிடுவார். ட்ரையல் என்றால் புதிய மருந்தை நோயாளிகளிடம் சோதித்துப் பார்க்கும் ஆய்வு. அதை எங்கே பார்ப்பது என்று சொல்ல ஆள் இருக்காது. குடும்பம் ஃபைலைத் தூக்கிக்கொண்டு ஓபி வரிசைகளில் நின்றே மூன்று வாரம் போய்விடும். அரிய புற்றுநோயில் அந்த மூன்று வாரம் பெரிய விஷயம்.

சட்டப் பின்னணி இவ்வளவுதான். இந்தியாவில் மருந்து ட்ரையல்களை 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் கிளினிக்கல் ட்ரையல் விதிகள் ஆள்கின்றன. நடக்கும் ட்ரையல்கள் ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) நடத்தும் சிடிஆர்ஐ என்ற ட்ரையல் பதிவேட்டில் இருக்கும். இணையத்தில் யாரும் இலவசமாகத் தேடலாம்.

தேடுவதில்தான் பலர் தோற்றுப்போகிறார்கள். நோயின் பெயரை மட்டும் போட்டால் ஒன்றும் வராது. அரிய வகைகளைப் பெரும்பாலும் "அட்வான்ஸ்டு சாலிட் ட்யூமர்" (முற்றிய திடக் கட்டி) என்ற பொதுத் தலைப்பில் சேர்த்துவிடுகிறார்கள். அதனால் அந்தச் சொல், உறுப்பின் பெயர், ரிப்போர்ட்டில் உள்ள மரபணு மாற்றத்தின் பெயர் என்று தனித்தனியாகத் தேடுங்கள். ஆங்கிலத்தில் ட்யூமர் என்பதை, கடைசி எழுத்தான 'ஆர்' முன்னால் 'யு' போட்டு ஒருமுறை, போடாமல் ஒருமுறை. கிடைத்த பதிவில் ஆள் சேர்ப்பு நிலை இரண்டு இடத்தில் இருக்கும்: ஒன்று உலக அளவில், மற்றொன்று இந்தியாவில். இந்தியா என்று போட்டிருப்பதைப் பாருங்கள். அதையும் முழுதாக நம்பாதீர்கள். மூடிப்போன ட்ரையல் மாதக்கணக்கில் திறந்திருப்பதாகவே காட்டும். போன் செய்து கேட்டால்தான் உறுதி.

போனில் கேட்க வேண்டிய ஆள் ஸ்டடி கோஆர்டினேட்டர், அதாவது ட்ரையலின் அன்றாட வேலைகளைக் கவனிப்பவர். ஓபி கவுன்டரில் விசாரித்தால் "அப்படி எதுவும் இல்லை" என்று அனுப்பிவிடுவார்கள். அவர்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. பதிவில் மருத்துவமனை வாரியாக ஆய்வு மருத்துவரின் பெயரும் எண்ணும் இருக்கும், அதில் கூப்பிட்டுக் கோஆர்டினேட்டரைக் கேளுங்கள். பயாப்சி, ஐஹெச்சி (திசுவில் உள்ள புரதங்களைப் பார்க்கும் பரிசோதனை) ரிப்போர்ட்டுகள், கடைசி சிடி ரிப்போர்ட், சமீபத்திய ரத்தப் பரிசோதனை, எந்த மருந்து எந்தத் தேதியில் தொடங்கி எப்போது நின்றது என்ற ஒரு பக்கச் சுருக்கம், இவற்றை முதலில் அனுப்புங்கள். பதில் வந்த பிறகு பயணம் வைத்துக்கொள்ளலாம்.

இனி ஆளைத் தள்ளிவிடும் காரணங்கள். முதலாவது பிளாக். பயாப்சித் திசுவைப் பதித்து வைத்திருக்கும் சிறு மெழுகுத் துண்டு அது. பல ட்ரையல்களில் அதைத் தங்கள் லேபில் மறுபடி பரிசோதிப்பார்கள், ரிப்போர்ட் காகிதம் போதாது. பழைய மருத்துவமனையில் கேட்டால் சாயமேற்றிய ஸ்லைடை மட்டும் கொடுத்து அனுப்புவதுண்டு. நீங்கள் பிளாக்கையே கேளுங்கள். மருத்துவரின் கடிதம், நோயாளி கையெழுத்திட்ட விண்ணப்பம், அடையாள அட்டை, அவர் வர முடியாவிட்டால் அவர் தரும் அதிகாரக் கடிதம், எல்லாம் ஒரே தடவையில் கொண்டுபோங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு காகிதத்துக்கும் ஒரு நாள் அலைவீர்கள். பிளாக்கில் உள்ள எண்ணும் ரிப்போர்ட் எண்ணும் ஒன்றா என்று அங்கேயே சரிபாருங்கள். மெழுகு என்பதால் சென்னை வெயிலில் நிறுத்திய காரிலோ வண்டிப் பெட்டியிலோ வைக்காதீர்கள்.

இரண்டாவது, இடையில் ஆரம்பித்த மருந்து. சும்மா இருக்கப் பயந்து இன்னொரு கீமோ ஊசி போட்டுக்கொள்வார்கள். கடைசி மருந்துக்குப் பிறகு இத்தனை வாரம் இடைவெளி வேண்டும் என்று ட்ரையல் கேட்கும். பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரம். அதற்குள் இடம் நிரம்பிவிடலாம். கீமோவை நீங்களாக நிறுத்தாதீர்கள். அடுத்ததைத் தொடங்கும் முன் "இது ட்ரையலைப் பாதிக்குமா" என்று மருத்துவரிடம் கேளுங்கள். நாட்டு மருந்து சாப்பிட்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். ஈரல் பாதிக்கப்பட்டால் ஆபத்து நோயாளிக்குத்தான்.

மூன்றாவது, உடல்நிலை. நடமாடித் தன் வேலையைத் தானே பார்க்கும் நோயாளிகளையே பெரும்பாலும் எடுப்பார்கள். எல்லா வழியும் அடைபட்ட பிறகு கடைசியாகக் கேட்கும்போது நோயாளி படுக்கையில் இருப்பார். முதல் மருந்து ஓடும்போதே தேடத் தொடங்குங்கள்.

"அரிய" என்ற சொல்லும் அலைக்கழிக்கும். 2021-இன் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையில் 50 லட்சம் வரை உதவி உண்டு என்று கேட்டு அலைகிறார்கள். அந்தப் பட்டியல் பெரும்பாலும் பிறவி மரபணுக் கோளாறுகளுக்கானது. முதல்வர் காப்பீட்டுத் திட்டம் வழக்கமான சிகிச்சைக்கு. ட்ரையல் மருந்துக்கு அது தேவையும் இல்லை. ஆனால் அட்டையை உயிரோடு வைத்திருங்கள், ட்ரையல் முடிந்தால் மறுபடி தேவைப்படும்.

ஆய்வுக்கான செலவை நோயாளியிடம் வாங்கக் கூடாது என்பது ஐசிஎம்ஆரின் 2017 வழிகாட்டி நெறி. "ஸ்டெம் செல் ட்ரையல்" என்று சொல்லி லட்சக்கணக்கில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். வழக்கமான சிகிச்சைச் செலவு எது, ஆய்வுச் செலவு எது, பயணப்படி உண்டா என்பதை எழுத்தில் கேளுங்கள்.

ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கேளுங்கள். வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லலாம். படிக்கத் தெரியாதவர் என்றால் நடுநிலையான சாட்சி கூட இருக்க வேண்டும். கையெழுத்திட்ட பிரதி உங்களுக்குச் சேர வேண்டியது, வாங்காமல் வராதீர்கள். வாரிசுதாரர் விவரத்தைக் காலியாக விடாதீர்கள். எத்திக்ஸ் கமிட்டியின் (ட்ரையலில் நோயாளியின் உரிமையையும் பாதுகாப்பையும் கண்காணிக்கும் குழு) தொடர்பு விவரம் அதில் இருக்கும், போட்டோ எடுத்து வையுங்கள். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், அதற்காக வழக்கமான சிகிச்சையை மறுக்க முடியாது.

நடுராத்திரியில் உடல் மோசமானால் பக்கத்து மருத்துவமனையில் சேர்ப்பீர்கள், சரிதான். அன்றைக்கே ட்ரையல் மருத்துவருக்குப் போனிலும் எழுத்திலும் தெரிவியுங்கள், பில்களைப் பத்திரப்படுத்துங்கள். ட்ரையலால் வந்த பாதிப்பு என்றால் சிகிச்சை இலவசம். நிரந்தர பாதிப்புக்கும் மரணத்துக்கும் இழப்பீடு தனி. மரணத்துக்கான கணக்கு 8 லட்சம் ரூபாயை அடிப்படையாக வைத்து, வயதையும் நோயின் நிலையையும் பொறுத்து மாறும். நோய் முற்றியதால் மட்டுமே நேர்ந்த மரணத்துக்குக் கிடைக்காது. இழப்பீட்டு உத்தரவு டெல்லியில் உள்ள மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்திலிருந்துதான் வரும். முதலில் எத்திக்ஸ் கமிட்டிக்கு எழுதி, ஒப்புகை வாங்கிக்கொண்டு, நகலை அந்த டெல்லி அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். வாய்மொழிப் புகார் எங்கும் பதிவாகாது.

மருந்து வேலை செய்தால், ட்ரையல் முடிந்த பிறகும் அதை இலவசமாகத் தர விதி 27-இல் வழி உண்டு. அந்த நோய்க்கு மாற்று மருந்து இருக்கக் கூடாது, ஆய்வு மருத்துவர் பரிந்துரைக்க வேண்டும், எத்திக்ஸ் கமிட்டி ஒப்ப வேண்டும். இதைப் பற்றிக் கையெழுத்திடும் நாளிலேயே கேளுங்கள். ஸ்கேனில் கட்டி சுருங்கியிருப்பது தெரிந்ததும் எழுத்தில் மறுபடி கேளுங்கள்.