இல்லாத கட்டிக்கு ஒரு பெயர்

ஸ்கேன் அறிக்கையில் 'சினைப்பை நீர்க்கட்டிகள்' என்று படித்ததும் ஒரு பெண்ணுக்கு முதலில் எழும் கேள்வி, "கட்டியை எப்போது எடுப்பார்கள்?" என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் பி.சி.ஓ.எஸ் (பாலிசிஸ்டிக் ஓவரி சின்ட்ரோம், அதாவது 'பல கட்டிச் சினைப்பை') என்னும் இந்தக் கோளாறில் எடுப்பதற்குக் கட்டியே கிடையாது. ஆங்கிலப் பெயரைத் தமிழாக்கியபோது அதிலிருந்த பிழையையும் பத்திரமாகக் கொண்டுவந்துவிட்டோம்.

ஸ்கேனில் கறுப்புப் புள்ளிகளாகத் தெரிபவை நுண்ணறைகள். ஒவ்வொன்றும் ஒரு கருமுட்டையின் வீடு. வழக்கமாக மாதந்தோறும் சில நுண்ணறைகள் வளரத் தொடங்கும். அவற்றில் ஒன்று மட்டும் முந்திக்கொண்டு சுமார் 20 மில்லிமீட்டர் வரை பெருத்து, வெடித்து, முட்டையை வெளியே விடும். பி.சி.ஓ.எஸ்ஸில் பல மாதங்கள் எதுவுமே முந்துவதில்லை. 2 முதல் 9 மில்லிமீட்டர் அளவிலேயே நின்றுபோய், சினைப்பையின் ஓரத்தில் கோத்த முத்துகள்போல வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன.

அவை ஏன் நின்றன என்று தேடினால் சினைப்பையைத் தாண்டிப் போகவேண்டியிருக்கிறது. இந்தக் கோளாறு உள்ள பலருக்கு, ஒல்லியானவர்கள் சிலருக்கும்கூட, தசைகள் இன்சுலினின் பேச்சைச் சரியாகக் கேட்பதில்லை. கணையம் விடுவதில்லை, இன்னும் அதிகமாகச் சுரக்கிறது. தசைக்குக் கேட்காத அந்தக் குரல் சினைப்பைக்கு நன்றாகவே கேட்கிறது. மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வரும், சினைப்பையைத் தூண்டும் எல்.ஹெச். ஹார்மோனும் கூடியிருக்க, இரண்டும் சேர்ந்து சினைப்பையை டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் ஹார்மோனை மிகுதியாகச் சுரக்கவைக்கின்றன. வழக்கமாக அந்த ஹார்மோனைப் பிடித்துவைக்கும் புரதத்தைக் கல்லீரல்தான் தயாரிக்கிறது. இன்சுலின் மிகுந்தால் அதன் உற்பத்தியும் குறைகிறது. பிடி தளர்ந்த ஹார்மோன் முகத்தில் முடியாகவும் பருவாகவும் வெளிப்படுகிறது, நுண்ணறைகளின் வளர்ச்சியையும் குலைக்கிறது. ஸ்கேனில் தெரியும் முத்துவரிசை இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி.

கடைசிக் கண்ணியின் பெயர் முழு நோய்க்கும் எப்படி வந்தது? 1935-இல் ஸ்டெய்ன், லெவெந்தால் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள், மாதவிடாய் வராத ஏழு பெண்களின் சினைப்பைகளிலிருந்து ஒரு பகுதியை வெட்டி எடுத்தார்கள். ஏழு பேருக்கும் மாதவிடாய் திரும்பியது, இருவர் கருவுற்றார்கள். ஹார்மோன் சுரக்கும் திசு குறைந்ததுதான் காரணம் என்று இன்று சொல்ல முடிகிறது. அன்று கண்ணுக்குத் தெரிந்தவை 'கட்டிகள்' மட்டுமே, பழியும் அவற்றின்மேல் விழுந்தது. சிகிச்சை பலித்ததால் அந்தப் பெயரைச் சந்தேகிக்க யாருக்கும் தோன்றவில்லை.

வேடிக்கை இன்னும் இருக்கிறது. 2003-இல் ராட்டர்டாமில் வகுத்த விதிப்படி, மாதவிடாய்க் கோளாறு, ஆண் ஹார்மோன் மிகுதி, ஸ்கேனில் அந்தத் தோற்றம் ஆகிய மூன்றில் இரண்டு இருந்தால் போதும், பி.சி.ஓ.எஸ் என்று முடிவுசெய்யலாம். முதல் இரண்டும் உள்ள பெண்ணின் ஸ்கேன் பளிச்சென்று இருந்தாலும் அவருக்கு 'பல கட்டி' நோய்தான்! பூப்பெய்திய முதல் சில ஆண்டுகளிலோ, நலமான பெண்களுக்கே நுண்ணறைகள் ஏராளமாகத் தெரியும்.

இந்தப் பெயர் கவனத்தைத் திசைதிருப்புகிறது, மாற்றவேண்டும் என்று அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனங்கள் கூட்டிய குழு 2012-இலேயே சொல்லிவிட்டது. எனக்கு இது வெறும் சொல் விவகாரமாகப் படவில்லை. 'கட்டி' என்று கேட்டவர் கட்டி கரைந்ததா என்று ஸ்கேனுக்குத்தான் மறுபடி போவார். சர்க்கரைப் பரிசோதனைக்குப் போகத் தோன்றாது. 2023-இன் சர்வதேச வழிகாட்டுதலோ, நோய் உறுதியானவுடனும், பிறகு ஒன்று முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையும், எடை எவ்வளவாக இருந்தாலும் ரத்தச் சர்க்கரையைப் பார்க்கச் சொல்கிறது.