ஆணிடம் குறை, கறிக்குப் போவது பெட்டை

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துப் பன்றிப் பண்ணைகளிலிருந்து இந்த மாதம் இன்னொரு கேஸ். "டாக்டரே, இவளும் நாலு குட்டிதான் போட்டா, கறிக்கு அனுப்பிட்டேன்." முன்னால் போன பெட்டைகளுக்கும் இதே தண்டனைதான். எல்லாவற்றுக்கும் சேர்த்தது ஒரே ஆண் என்பதை ஒருவரும் யோசிக்கவில்லை.

அந்த ஆணைப் பற்றிக் கேட்டால், "அது நல்லா ஏறுது சார், விந்தும் பார்த்தாச்சு, துடிப்பா இருக்கு" என்பார்கள். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. பன்றிக்குக் குரோமோசோம் (செல்லுக்குள் மரபுக் குணங்களைச் சுமக்கும் இழை) 38. அதில் இரண்டு தங்களுக்குள் துண்டு மாற்றி ஒட்டிக்கொண்டிருந்தால் ஆணுக்கு வெளியே ஒரு குறையும் தெரியாது. வாட்டசாட்டமாக இருக்கும், ஏறும், விந்தணுவும் ஜோராக நீந்தும், ஏனென்றால் மைக்ராஸ்கோப் நீச்சலைத்தான் காட்டும், உள்ளே இருக்கும் சரக்கைக் காட்டாது. அந்த விந்தணுக்களில் ஒரு பங்கு, ஒரு துண்டு கூடியும் இன்னொன்று குறைந்தும் போகும். கரு பிடிக்கும், சீக்கிரமே செத்துக் கரைந்துவிடும். மிஞ்சுவது நாலுக்கும் குறைந்தால் பெரும்பாலும் சினையே நிற்காது, பெட்டை திரும்பப் பருவத்துக்கு வரும். பழி மறுபடி அவள் தலையில்.

ஈன்ற கொட்டிலைப் பாருங்கள். சினையிலேயே குட்டிகளைக் கொல்லும் பார்வோ வைரஸ் என்றால் கறுத்துச் சுருங்கிய குட்டிகள் சின்னதும் பெரிதுமாகக் கிடக்கும். இங்கே அது எதுவும் இருக்காது. நாலு குட்டி, பங்குக்கு ஆளில்லாமல் பால் குடித்துக் கொழுகொழுவென்று. அதில் அழகான ஆணாகப் பார்த்து அடுத்த பொலிக்கு நிறுத்துவார்கள்! பிழைத்த குட்டிகளில் ஏறக்குறைய பாதிக்கு அதே கோளாறு உண்டு. இது புதுசும் இல்லை, 1964லேயே ஸ்வீடனில் கண்டுபிடித்ததுதான். பிரான்சில் இளம் ஆண் பன்றிகளைச் சோதித்துப் பார்த்ததில் ஏறத்தாழ 200க்கு ஒன்றில் இருந்தது.

இதற்கு மருந்து கிடையாது. வைட்டமின், ஹார்மோன் ஊசிக்குக் காசைக் கரைக்காதீர்கள். எந்த ஆண், எந்தப் பெட்டை, எத்தனை குட்டி, ஒரு நோட்டில் எழுதுங்கள், அவ்வளவுதான். ஒரே ஆணுக்குப் பல பெட்டைகள் குறைத்துப் போட்டு, அதே பெட்டைகள் வேறு ஆணுக்கு ஒன்பது, பத்து போட்டால் சந்தேகம் ஆண் மேல். ஒரு பெட்டை மட்டும் எந்த ஆணுக்கும் குறைத்தே போட்டால், சரி, அவளையும் பார்க்க வேண்டும். உறுதி செய்யக் குரோமோசோம் சோதனைக்கு அந்த ஆணின் ரத்தத்தை, உறையாமல் வைக்கும் ஹெப்பாரின் மருந்து உள்ள குழாயில் எடுக்க வேண்டும் (இளம் டாக்டர்களே, ஊதா மூடி போட்ட EDTA குழாயில் எடுத்து ஃப்ரீசரில் வைக்காதீர்கள், செல் உயிரோடு போய்ச் சேர வேண்டும்).

முடிவு வரும்வரை அந்த ஆணைப் பக்கத்துப் பண்ணைக்கு இரவல் கொடுக்காதீர்கள். அதன் குட்டிகளைத் தயவுசெய்து வளர்ப்புக்கு விற்க வேண்டாம். கறிக்குத் தாராளமாகக் கொடுக்கலாம், இந்தக் கோளாறால் கறிக்கு ஒரு கெடுதலும் இல்லை.